கேமரா மட்டும் எப்படிக் கெடும்?

பழங்காநத்தம்,
8.2.2009.

அன்பு மகன் அசோக்குமாருக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தங்கச்சி பாண்டீஸ்வரி எல்லோரும் சாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் அமெரிக்காவில் சுகமாக இருப்பதாகத்தான் போனில் சொல்கிறாய், ஆனால் உன்னைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகிவிட்டதால் அதை நான் இன்னும் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் உடனே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, இல்லையென்றால் லைன் கட்டாகிறது. கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது, கடைசி வரி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

போன சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது நீ வாங்கிக் கொடுத்த லேப்டாப் இப்போது நன்றாக ஓடுகிறது. அது எப்படிக் கெட்டது என்று போனில் சொல்ல நீ விடவில்லை, இப்போது கேள். ஒரு வருஷம்கூட உழைக்காமல் தீபாவளிக்கு அது படுத்துக்கொண்டதும் நான் சந்தேகப்படாத ஆளே இல்லை. சீக்கிரம் கெடுகிற மாதிரி வேண்டுமென்றே செய்து விற்கிறார்கள் என்று முதலில் கம்பெனிக்காரனைத் திட்டினேன். பிறகு, காலேஜ் தோழிகளைக் கூட்டிவந்து படம் பார்த்துப் பார்த்தே தேய்த்துவிட்டாய் என்று பாண்டீஸ்வரியைப் பிடித்துக்கொண்டேன், அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கடைசியில் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முத்திருளனிடம் கொண்டுபோனேன். வச்சிட்டுப் போங்கண்ணே, நாளைக்கு வாங்க என்றான். நான் விடுவேனா. உள்ளே இருக்கும் நல்ல சாமானை உருவிக்கொண்டு பழசை மாட்டிவிட்டால் நமக்கு என்ன தெரியும். இங்கேயே திற, நான் பார்க்கிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் முழங்கையை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

திறந்தவன் சிரித்துவிட்டான். உன் அம்மாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குக்கூட உறை. இதற்கும் வெல்வெட் துணியில் கச்சிதமாக ஒன்று தைத்து, திரையும் எழுத்துக்கட்டைகளும் மட்டும் தெரிகிற மாதிரி மாட்டிவிட்டிருந்தாள். வெறும் மேஜையில் வைத்தால் சரஸ்வதிக்கு மரியாதைக்குறைவாம், அதனால் அடியில் இலவம்பஞ்சுத் தலையணை. போதாததற்கு ஆயுத பூஜையன்று உறையைக் கழற்றி, பக்கவாட்டில் இருந்த சன்னமான ஓட்டைகளின் மேல் வரிசையாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறாள். கோடு கோடாக இருந்தது பொட்டு வைக்க வாகாக இருந்ததாம். சந்தனம் காய்ந்து ஓட்டையை அடைத்துவிட்டது, உள்ளே இருந்த குட்டி ஃபேன் முழுக்கப் பஞ்சு. அண்ணே, சூடு வெளிய போற வழியே இதுதான், இம்புட்டையும் அடைச்சு வச்சா அது வெந்துதாண்ணே சாகும் என்றான் முத்திருளன். அதையும் நான் நம்பவில்லை. அந்தப் பஞ்சைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு திருமங்கலத்தில் இன்னொரு கடைக்குப் போய்க் கேட்டேன், அங்கேயும் அதைத்தான் சொன்னார்கள்.

இப்போது லேப்டாப்புக்கு நான்தான் காவல். உறை, தலையணை எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, பலகை மேல்தான் இருக்கவேண்டும். நாள் முழுக்க சார்ஜில் சொருகியே வைத்தால் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகுமாம், சுத்தமாகத் தீரவிட்டாலும் ஆகாதாம். கரண்ட் போய்ப்போய் வருகிற நேரத்தில் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். அம்மா திரையைப் பிடித்து முறத்தைத் தூக்குகிற மாதிரி தூக்குவாள், கீல் விட்டுப்போகும் என்று சத்தம் போட்டு நிறுத்தியிருக்கிறேன். நீயும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடிப் பையில் போடாதே, அவ்வப்போது பிரஷ்ஷால் ஓட்டையில் இருக்கும் தூசியைத் தட்டிவிடு, போர்வைமேல் வைத்துக்கொண்டு படுத்துக்கிடக்கிற பழக்கத்தை விடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே லேப்டாப் சரியானதும் அங்கே உன் கேமரா கெட்டுவிட்டது என்கிறாய். லேப்டாப்பில் பேசும்போது உன் குரல் வருகிறது, நாங்கள் உனக்குத் தெரிகிறோம், அம்மா கட்டியிருக்கும் சேலையின் நிறத்தைக்கூடச் சொல்கிறாய், உன் முகம் மட்டும் எங்களுக்கு வருவதில்லை. முத்திருளனிடம் கேட்டேன். கேமரா திரை உச்சியில கடுகாட்டம் ஒட்டிக்கிட்டு இருக்கும்ணே, சூடு அங்க ஏறாது, அது மட்டும் போறது அபூர்வம்ணே என்றான். சரி, அபூர்வமாகவே போகட்டும். வேறு லேப்டாப் வாங்கிவிட்டேன் என்றாய், அதிலும் கேமரா மட்டும் போய்விட்டது என்றாயே, அங்கேதான் எனக்கு உறைத்தது.

வாடிப்பட்டி ரோட்டில் பஸ்ஸை மறித்து ஏறி டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவன் உன் அப்பன். டிக்கெட் எடுக்காதவன் என்னைக் கண்டதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான், நீ செய்வதும் அதுதான். மார்கழியில் ஒரே ஒரு தரம், கண்மூடித் திறப்பதற்குள் உன் படம் வந்து போனது. அம்மா கொடுத்தனுப்பிய பூப்போட்ட திரைச்சீலை இல்லை, வெறும் சுவர், ஓரத்தில் கட்டி வைத்த பெட்டிகள், முகத்தில் தாடி. அம்மா அப்போது மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள், நான் பார்த்துவிட்டேன். அங்கே இருக்கும் உன் கூட்டாளி ஸ்ரீநாத்தின் அப்பா ஜனகராஜை முனிச்சாலையில் போய்ப் பார்த்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதும் அந்த மனிதர் காப்பி கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டார். உன் பழைய விலாசத்தில் நீ இருக்கிறாயா என்பதே சந்தேகம் என்பதால் இதை ஸ்ரீநாத் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். அங்கே கம்பெனிகளில் ஆட்களைக் கும்பல் கும்பலாக வேலையை விட்டு நிறுத்துவதாகப் பேப்பரில் தினமும் வருகிறது. உனக்கு வேலை போய்விட்டது, வீட்டையும் காலி செய்துவிட்டாய் என்று நான் நினைக்கிறேன். தப்பென்றால் கிழவனுக்கு வேறு வேலையில்லை என்று திட்டிக்கொள், எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

சரியென்றால் அதில் உன் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அம்மா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் தெரியுமா. உனக்கு முகத்தில் தீக்காயமோ பெரிய அடியோ பட்டுவிட்டது, அதைத்தான் மறைக்கிறாய் என்று நம்புகிறாள். அழகர்கோயிலுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறாள், சோறு இறங்கவில்லை. எம்புள்ள மூஞ்சி எப்படி இருந்தாலும் நான் பாத்துருவேன், பாக்காமத்தான் இருக்க முடியல என்று நேற்று அடுப்படியில் நின்று அழுதாள். வேலை போனது தெரியக்கூடாது என்று நினைத்து அதைவிடப் பெரிய பயத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டாய் தம்பி.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கேமராவைப் போடு. தாடி எடுக்கவேண்டாம், பெட்டிகளை நகர்த்தவேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும். வேலையைப் பற்றி நீயாகச் சொல்லும்வரை அவள் முன்னால் நான் வாயைத் திறக்கமாட்டேன். எனக்கும் உன்னைப் பார்க்கவேண்டும்போல இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. கருப்பசாமி உன் கூடவே இருப்பார், ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருப்பாய். ஊருக்கு வந்துவிடலாம் என்று தோன்றினால் யோசிக்காமல் வா, என்ன ஏது என்று யாரும் உன்னைக் கேட்கமாட்டார்கள், நான்கூடக் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பேயாண்டி