கொடைரோட்டுத் தென்னங்கன்றுகள்

திண்டுக்கல்
6.12.1999

அன்புள்ள தம்பி பிராங்க்ளினுக்கு,

அக்கா இன்னாசியம்மாள் எழுதிக்கொள்வது. நாங்கள் இருக்கிறோம். பெங்களூரில் உன் கூட்டங்களுக்கு ஜனம் திரண்டு வருவதாகக் கேள்விப்பட்டேன்.

உன் சபைக்கு வந்ததிலிருந்து கடிதத்தின் தலையில் ‘மாரநாதா’ என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். ‘ஆண்டவரே வாரும்’ என்று அதற்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தவன் நீதான். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை.

போன புதன்கிழமை உன் மச்சானின் சித்தப்பா அடக்கத்துக்குக் கொடைரோடு போனோம். திரும்பும் வழியில் தண்ணீர் குடிக்க ஒரு தோட்டத்தில் நின்றேன். புது வேலி, உள்ளே வரிசையாகத் தென்னங்கன்று. சோலைமுத்து என்று ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். யார் தோட்டம் என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். நம்ம பிராங்க்ளின் பாஸ்டர் தோட்டந்தாம்மா, அஞ்சு வருசத்துல காப்புக்கு வந்துரும், அவுக மகன் காலேஜுக்குப் போறப்ப கைகொடுக்கும்னு ஆடியில நட்டாக என்றார். வேறு யாரோ பிராங்க்ளின் என்றுதான் நினைத்தேன். பிறகு உன் மனைவி பெயரையும் அவரே சொன்னார்.

அதே ஆடியில்தானே தம்பி என் வீட்டுக்கு வந்தாய்? இந்த வருடம் முடிவதற்குள் ஆண்டவர் வந்துவிடுவார், அமலராணிக்குப் பத்தாம் வகுப்பு எதற்கு, ஜெபத்தில் உட்காரட்டும் என்றாய். உன் மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். என் தம்பி பொய் சொல்ல மாட்டான் என்று அவரோடு மல்லுக்கட்டி, பிள்ளையை நிறுத்தினேன். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். என்னிடமே இப்படிச் செய்ய உனக்கு எப்படி மனசு வந்தது?

நேற்று மறுபடி பழைய கோவிலுக்குப் போனேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம், இரண்டாம் ஞாயிறு. பீடத்தில் இரண்டாவது மெழுகுவர்த்தி எரிந்தது. பூசை முடிந்து சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்டவர் வரும் நாள் இறைமகனுக்கே தெரியாது என்று வேதத்தில் இருக்கிறதே என்றார். மகனுக்கே தெரியாதது உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? வெளியூர் போன வீட்டுக்காரர் வேலைக்காரர்களுக்கு ஆளுக்கொரு வேலை கொடுத்துவிட்டுப் போன கதையையும் சொன்னார். காத்திருப்பது என்றால் கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருப்பதாம்.

அப்படிப் பார்த்தால் நீ தென்னை நட்டதில் தப்பே இல்லை. என் மகளையும் அவள் வேலையைப் பார்க்க விட்டிருக்கலாம்.

அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பகலில் ஆகாரம் தொடுவதில்லை. இராத்திரியே ஆண்டவர் வந்தால் உடுத்திக்கொள்ள வெள்ளைப் பாவாடை தாவணியைத் துவைத்து மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் வந்தால் மார்ச் பரீட்சைக்குப் பெயர் சேர்த்துவிடலாம் என்று பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் இரக்கப்பட்டுச் சொல்லியிருக்கிறார். இவளோ, மார்ச்சு மாசம்னு ஒண்ணு வராதும்மா என்கிறாள். தென்னங்கன்றைப் பற்றிச் சொன்னேன். நீ வேற யார் தோட்டத்தையோ பாத்துட்டு வந்திருக்க, மாமா பொய் சொல்ல மாட்டாக என்று என் வாயை அடைத்துவிட்டாள். நான் உன் மச்சானிடம் சொன்ன அதே வார்த்தை.

நான் சொன்னால் கேட்க மாட்டாள். அவளைக் கொடைரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கன்றுகளுக்கு நடுவே நிறுத்தி, மாமா நட்டதுதான் என்று நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். வருடம் முடிந்து, யாரும் வராமல், அந்த வெள்ளைத் துணியோடு அவள் விழித்துப் பார்க்கிற காலையை என்னால் நினைக்க முடியவில்லை.

உன் பிள்ளைகளும் உன் தென்னைகளும் நன்றாக இருக்கட்டும். ஆண்டவர் அவர் நினைத்த நாளில் வருவார், அதற்கு நான் காத்திருப்பேன். நீ இந்த வாரமே வா.

மன வருத்தத்துடன்,
உன் அக்கா
இன்னாசியம்மாள்