முன்னால் நின்ற பெயர்

கந்தப்பளை, 11.6.1954

அன்புள்ள செங்கமலத்துக்கு,

நான் நலம். உன் உடம்பும் மாமாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

இங்கே ஒன்று நடந்தது. நல்லபடியாக முடிந்துவிட்டது, பயப்படாதே. கொழுந்து பறிக்கும் ராக்காயியை, ஆட்களை மேய்க்கும் கங்காணி தண்ணீர் ஓடும் கானில் தள்ளிவிட்டார். தோட்டத்துத் துரை இருவரையும் கூப்பிட்டு விசாரித்தபோது ஆபீஸ் கிளார்க்கான நான்தான் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. ‘ராக்காயியை’ என்று மனதில் முதலில் வந்த பெயரை முதலில் வைத்து, “ராக்காயி புஷ்ட் கங்காணி” என்றேன். துரை முகம் சிவந்து, வேலைப் பதிவிலிருந்து அவள் பெயரை வெட்டச் சொன்னார். பதறிப்போய்ப் பெயர்களை இடம் மாற்றி, “கங்காணி புஷ்ட் ராக்காயி” என்றேன். துரை திரும்பிப் பார்த்ததும் கங்காணி தலைகுனிந்தார். அவள் வேலை தப்பியது.

வெளியே வந்து ராக்காயி கேட்டாள்: “ரெண்டு தடவையும் அதே மூணு வார்த்தையத்தானேங்க சொன்னீங்க?”

“நம்ம பேச்சுல ‘ராக்காயியை’ன்னு எங்க வச்சாலும் தள்ளுனது நீயில்ல. இங்கிலீசுல முன்னால நிக்கிறவங்கதான் தள்ளுனவங்க.”

“அப்ப என்னையப் பின்னாலயே நிப்பாட்டுங்கய்யா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

சுண்டைக்காய் வற்றல் கொஞ்சம் அனுப்பு. உன் பழைய சேலை ஒன்றும் வை, குளிருக்குப் போர்த்திக்கொள்வேன்.

தபால் பையைக் கட்டுகிறார்கள். பதிலை வாத்தியாரிடம் சொல்லி எழுதவைக்காமல் நீயே எழுது. வார்த்தைகள் முன்னே பின்னே இருந்தாலும் எனக்குப் புரியும்.

உன்
தங்கவேலு