பொத்தி வளர்த்த பெண்

ஜூன் 10, செவ்வாய்

டாக்டர் இன்று ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு அம்மாவைத் திட்டினார். "ஓட்டையை அடைச்சே எத்தனை வருஷம் ஆச்சு! இதயம் நல்லா இருக்கு. இன்னும் எதுக்கு வீட்லயே வெச்சுப் பாடம் சொல்லித் தர்றீங்க? ஸ்கூலுக்கு அனுப்புங்கம்மா."

ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மா அழுதுவிட்டாள். சந்தோஷமா, பயமா, தெரியவில்லை. அப்பா மட்டும், "பை வாங்கணும்" என்றார்.

ஜூன் 16, திங்கள்

ஏழாம் வகுப்பு. ஒரே அறைக்குள் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

இதுவரை நான் பேசிப் பழகியது பெரியவர்களோடுதான். அதே பழக்கத்தில் பக்கத்துப் பெண்ணிடம், "கொஞ்சம் தள்ளி உக்காருறீங்களா?" என்றேன். அவள் பின்னால் திரும்பி, "ஏய், எனக்கு மரியாதை எல்லாம் கிடைக்குதுடி!" என்று கத்தினாள். வகுப்பே சிரித்தது. அவளை எல்லோரும் கொசு என்கிறார்கள். சின்ன உருவம். காதுக்குள்ளேயே வந்து பேசுகிறாள்.

ஜூன் 17

வயிற்று வலி. பொய் இல்லை. ஆனாலும் போனேன்.

ஜூன் 20, வெள்ளி

கொசு என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து கேட்காமலே எடுத்துத் தின்றாள். எனக்குக் கோபம். அப்புறம் அவள் டப்பாவை என் பக்கம் தள்ளினாள். இதுதான் வழக்கமா? யாரைக் கேட்பது?

ஜூன் 26

பந்து விளையாட்டு. மேலே பட்டால் அவுட். ஓடினேன் — நிஜமாகவே ஓடினேன்! கொசு வீசிய பந்து தோளில் பட்டு விழுந்தேன். முட்டியில் சிராய்ப்பு. அம்மா பார்த்துவிட்டாள்.

ஜூன் 27

அம்மா பள்ளிக்கே வந்துவிட்டாள். வகுப்பு வாசலில் எல்லார் முன்னாலும் கொசுவை நிறுத்தி, "நெஞ்சுல ஆபரேஷன் பண்ண பொண்ணு. ஏதாவது ஆகியிருந்தா நீயா பதில் சொல்லுவ?" என்று கேட்டாள். கொசுவின் முகம் சுண்டிப் போனது. பக்கத்தில் நான் மரம் மாதிரி நின்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

கொசு இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். விளையாட்டில் என்னைச் சேர்த்தார்கள், ஆனால் பந்து என் பக்கமே வரவில்லை. "ஜாக்கிரதை, உடைஞ்சிடும்" என்றாள் ஒருத்தி. கடைசி வரை நான் அவுட் ஆகவில்லை. அதைவிடக் கேவலம் வேறு இல்லை.

ஜூலை 3

கத்திவிட்டேன். அம்மா, "உனக்காகத்தானே செஞ்சேன்" என்றாள். "எனக்காகன்னா என்னை விடும்மா! விழுந்து செத்தா போயிட்டேன்?"

அந்த வார்த்தையை இந்த வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. அம்மா அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீ மூச்சு விடறியான்னு பாத்துப் பாத்தே பழகிப்போச்சுடி. எப்ப நிறுத்தணும்னு யாரும் சொல்லல" என்றாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஜூலை 4

குழாயடியில் கொசு. "எங்கம்மா திட்டினதுக்கு என்னை மன்னிச்சிடுங்க" என்று ஆரம்பித்தேன்.

"உங்கம்மா திட்டினா திட்டட்டும். நீ வாயே திறக்கலயே, அதான்."

உண்மைதான். "பயந்துட்டேன்."

"யாரைப் பாத்து?"

"எல்லாத்தையும் பாத்து."

கழுவிய கையையே மறுபடி கழுவினாள். "தழும்பு பெருசா இருக்குமா?"

"ம்."

"வலிக்குமா?"

"இல்லடி."

அந்த 'டி' எங்கிருந்து வந்ததோ. அவள் தண்ணீரை என் மேல் தெளித்துவிட்டு ஓடினாள்.

ஜூலை 9, புதன்

இரண்டாவது ஆளாகவே அவுட். கொசுதான். இடுப்பில் சுளீரென்று ஒன்று. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "போ, போ, வெளிய போ" என்றாள். அவுட்டானவர்களோடு சுவர் ஓரம் நெருக்கியடித்து உட்கார்ந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

வீட்டில் அம்மா கதவைத் திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டாள்.

"ஜெயிச்சியா?"

"தோத்துட்டேன்."

"சரி. கை கால் கழுவிட்டு வா."