போட்டதும், போட்டதால்

மச்சான்,

இன்று காலை என் மூத்தவன் தன் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்து என் மடியில் கிடத்தினான். தொடையில் ஒட்டியிருந்த பஞ்சில் ஸ்பிரிட் வாசம் இன்னும் போகவில்லை. அந்த வாசத்தோடு உங்கள் ஞாபகம் வந்தது, ஞாபகத்தோடு கோபமும் வந்தது. உங்களுடைய நாற்பதாம் நாள் கத்தம்கூட இன்னும் ஓதவில்லை. மௌத்தானவர்களோடு கோபிக்கக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது கோபித்தால் குடும்பம் உடையும் என்றார்கள். பிறகு எப்போதுதான் நான் கோபிப்பது?

நாம் இருவரும் ஒரே வளவுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்கள். மாமா தன் வளவைப் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுத்தார். மூத்தவருக்கு நீங்கள், இளையவளுக்கு நான். கிணறு பொது. நடுவேலியில் பிள்ளைகள் போய் வர ஒரு கடப்பு. நீங்கள் ஆங்கிலம் படிப்பிக்கும் மாஸ்டர், நான் தபால் கந்தோரில் எழுதுவினைஞன். கல்முனைக்கு வரும் தந்தியைக்கூட என்னிடம் வாங்கி உங்களிடம் கொண்டுவந்து வாசிப்பிப்பார்கள். எனக்கும் அந்த ஆங்கிலம் தெரியும் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வராது. அதில் எனக்குக் கவலையும் இருந்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் உங்கள் றிஸ்வானும் என் மூத்தவனும் அடுத்தடுத்துப் பிறந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து வந்த யாரோ ஒரு சாமானைச் சுற்றிக்கொண்டு வந்த சீமைப் பத்திரிகை உங்கள் கையில் அகப்பட்டது. முக்கூட்டு ஊசியைப் பற்றி அதில் ஒரு கட்டுரை. தொண்டைக்கரப்பன், கூவிக் கூவி இருமவைக்கும் குக்கல், ஏற்புவலி மூன்றுக்கும் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் போடும் அந்த ஊசிதான். கட்டுரையில் பாதி கிழிந்து போயிருந்தது. இருந்த பாதியை வாசித்துவிட்டு அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்றலில் நின்று நீங்கள் தமிழில் சொன்னீர்கள்.

“முக்கூட்டு ஊசி போட்டதால புள்ளைகளுக்கு வலிப்பு வந்திரிக்கி. மூளையும் பழுதாகியிரிக்கி. சீமைக்காரனே பயப்புடுறான், நமக்கென்ன?”

“மச்சான், அந்தப் பேப்பர ஒருக்காத் தாங்க, நானும் பாக்கன்” என்றேன்.

“நீ பாத்து என்னடா தம்பி விளங்கப் போறாய்? நான் சொன்னாக் காணாதா?”

காணும் என்றுதான் ஊர் நினைத்தது. அடுத்த கிழமை மருத்துவிச்சி அம்மா ஊசிக்காகச் சைக்கிளில் வந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் பிள்ளை இல்லை. “புள்ள மாமி வீட்ட போயிட்டு” என்று வாசலில் நின்று சொல்லும்போதே பின்வளவில் அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருக்கும். அவள் பாண்டிருப்பிலிருந்து வெயிலுக்குள் மிதித்து வந்தவள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள்.

எனக்கும் பயம்தான். அதை மறைக்கவில்லை. போடவும் பயம், போடாமல் விடவும் பயம். என் மனைவி பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாள். அந்தப் பார்வை தாங்காமல்தான் ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த யாழ்ப்பாணத்து டாக்டரிடம் போனேன். அவர் என்னை ஏசவில்லை. “பேப்பரை விடுங்கோ. அது எதைப் பாத்து எழுதினதோ, அதை வாசியுங்கோ. எடுப்பிச்சுத் தாறன்” என்றார். கொழும்பில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவருடைய கூட்டாளி நூலகத்தில் அந்த ஆராய்ச்சித் தாள்களைத் தேடிப் பிரதி எடுத்து அனுப்ப மாதக்கணக்கானது. வந்ததும் டாக்டருடைய குவார்ட்டர்ஸ் விறாந்தையில் அகராதியோடு உட்கார்ந்தேன். கந்தோர் விட்டால் அங்கேதான். ஒரு பக்கம் நகர ஒரு பின்னேரம் போகும். விளங்காத இடத்தைக் கோடிட்டு வைத்து அவர் வந்ததும் கேட்பேன்.

மச்சான், அந்தத் தாள்களில் ‘ஊசி போட்டதால்’ என்று எழுதியிருக்கவில்லை. ‘ஊசி போட்டதும்’, ‘போட்ட பிறகு’ என்றுதான் இருந்தது. வலிப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளில் சிலருக்குச் சற்று முன்பு ஊசி போட்டிருக்கிறார்கள் என்பது ஒரு தாள். ஊசி போடாத பிள்ளைகளுக்கும் அந்த வயதில் வலிப்பு வருகிறதே, அவர்களை எண்ணிப் பார்க்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது என்று கேட்டது இன்னொன்று. ஊசியில் ஒன்றுமே இல்லை என்றும் அவை சொல்லவில்லை. காய்ச்சல் வரும், அந்தக் காய்ச்சலில் அபூர்வமாக ஒரு பிள்ளைக்கு வலிப்பும் வரலாம் என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். குக்கல் வந்தால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். அதை வாசித்ததும் அகராதியை மூடிவிட்டு எழுந்தேன்.

உங்களிடம் ஓடி வந்தேன். நீங்கள் சாய்கதிரையில் இருந்தீர்கள். றிஸ்வான் உங்கள் காலடியில் தவழ்ந்துகொண்டிருந்தான்.

“மச்சான், காகம் இரிக்கப் பனம்பழம் விழுந்த கதையா இரிக்கும் இது. ‘போட்டதும்’ எண்டுதான் எழுதியிரிக்காங்க. நீங்க ‘போட்டதால’ எண்டு சொல்லிப் போட்டீங்க.”

“ரெண்டும் ஒண்டுதாண்டா.”

“ஒண்டில்ல மச்சான். நீங்க மாஸ்டர், உங்களுக்குத் தெரியாதா?”

அந்தக் கடைசி வார்த்தை உங்களைச் சுட்டுவிட்டது. “தபால் கந்தோர்ல முத்திர குத்துறவன் எனக்கு இங்கிலீசு படிப்பிக்க வாறானாம்” என்று உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னீர்கள், உங்கள் மனைவிக்குக் கேட்கட்டும் என்று. நான் எழுந்து வந்துவிட்டேன். மறுநாளே மூத்தவனைத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டேன். காய்ச்சல் வந்தது, விட்டுவிட்டது. நீங்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “வலிப்பு வரல்லயா?” என்று கேட்டுச் சிரித்தீர்கள். பகிடியாக எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு நினைக்கும்போது அது பகிடியாகத் தெரியவில்லை.

பள்ளிவாசல் முன்றலில் சொன்னதைத் திருப்பிச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. நான் சொன்னதை ஊர் கேட்கவுமில்லை. மாஸ்டர் ஒன்று சொல்ல மாஸ்டருடைய சகலன் ஒன்று சொன்னால் யாருடைய சொல் எடுபடும்?

சில வருடம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். நிலூபா. அவளுக்கு முதலாவது ஊசி போடும் வயது இன்னும் வரவில்லை. வாடைக்காற்றும் மழையுமாக இருந்த அந்தப் பருவத்தில் உங்கள் வீட்டிலிருந்து இருமல் கேட்கத் தொடங்கியது. றிஸ்வான் இருமுவான், இருமிக்கொண்டே போவான், கடைசியில் மூச்சை இழுக்கும்போது ஒரு கூவல் வரும். “தடிமன்தான், தூதுவளை குடுத்திரிக்கன்” என்றீர்கள். நம்பித்தான் சொன்னீர்களா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நாங்கள் கடப்பை அடைக்கும் முன்பே அவன் எத்தனையோ தரம் வந்து தங்கச்சியைக் கொஞ்சிவிட்டுப் போயிருந்தான். பிள்ளைதானே, அவனுக்கு என்ன தெரியும்.

நிலூபாவுக்குக் கூவவும் பலமிருக்கவில்லை. இருமல் வந்தால் முகம் நீலமாகும், மூச்சு நிற்கும், முதுகைத் தட்டினால் திரும்ப வரும். ஒரு முறை வரவில்லை. அதே டாக்டர்தான் அவளை என் கையில் தந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கபன் துணிப் பொட்டலமாக அவளை நான் ஏந்தி நின்றபோது நீங்கள் என் தோளைப் பிடித்து, “அல்லாட நாட்டம் தம்பி, சபூர் செய்” என்றீர்கள். அல்லாஹ்வின் நாட்டத்தை நான் மறுக்கவில்லை மச்சான். ஆனால் உங்கள் வாயிலிருந்து அது வந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. றிஸ்வான் தேறிவிட்டான். அவன் தேறியதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அதன் பிறகும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினோம். பெருநாளைக்குக் கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னோம். அவளுடைய பெயரை நீங்கள் ஒருநாளும் எடுக்கவில்லை.

போன மாதம் உங்கள் ஜனாஸாவின் முன்னால் றிஸ்வான் எழுந்து நின்றான். மகன்மார் மன்னிப்புக் கேட்கும் வழக்கப்படி கேட்டான். “வாப்பா ஆருக்காவது ஏதும் செஞ்சிருந்தா, ஆர்ர மனசாவது நொந்திருந்தா, அல்லாவுக்காகப் பொருந்திக்கோங்க.” பள்ளி நிறையப் “பொருந்திட்டம்” என்றார்கள். என் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: “நீங்க மட்டும் ஏன் வாய தொறக்கல்ல?” நிலூபா அவளுக்கும் மகள்தான். அவள் பொருந்திவிட்டாளாம்.

நேற்று றிஸ்வானே வந்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

“சாச்சா, நீங்க பொருந்தல்லயாம். வாப்பா உங்களுக்கு அப்பிடி என்ன செஞ்ச?”

சொல்லியிருக்கலாம். எத்தனை வருடமாக உள்ளே எழுதி எழுதி வைத்த வசனம். ஆனால் அவன் இருமியதும் நிலூபா இருமினாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஊசி போடாத ஊரில் அந்தப் பருவம் முழுக்க எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் இருமினார்கள். கடப்பால் வந்ததா, ஒழுங்கையால் வந்ததா, பார்க்க வந்தவர்களோடு வந்ததா, எந்தத் தாளும் எனக்குச் சொல்லாது. அந்த விறாந்தையில் படித்தது இன்னும் என்னோடுதான் இருக்கிறது. ‘உன்னால்’ என்று அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே அது என்னைச் சொல்ல விடவில்லை. உங்களை மன்னிக்கவும் விடவில்லை.

“தெரியல்ல மகன்” என்றேன். “எனக்கு வடிவாத் தெரியல்ல.”

அவன் நான் எதையோ ஒளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனான். பாதித் தாளை வாசித்துவிட்டு நீங்கள் ஊருக்கே சொன்னீர்கள், மச்சான். முழுத் தாளையும் வாசித்த எனக்கு ஒருவனிடம் சொல்லக்கூட வாய் வரவில்லை.