அப்பாவின் கிளாரினெட் நோட்டுகள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

இருமல் குறைந்ததா? லண்டனில் நான் சுகம்.

இந்த நூலகத்தில் இசைக்குழு நடத்துனர்களின் பழைய இசைத்தாள்களை அடுக்குவதுதான் என் வேலை. நேற்று ஒரு தாளில் இருந்த பென்சில் கோட்டை அழுக்கென்று நினைத்து அழிக்கப் போனேன். மேலதிகாரி பதறிவிட்டார். அது வாசிப்பவர் மூச்செடுக்க வேண்டிய இடமாம். எல்லோரும் சிரித்தோம்.

நீங்கள் தங்கச் சுரங்கத்து மைன்ஸ் பேண்டில் கிளாரினெட் வாசித்த நோட்டுகளிலும் அதே கோடுகள்தான் இருந்தன. "இன்னாம்மா, என் நோட்டுங்க எங்க?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டீர்கள். கரையான் அரித்துவிட்டது என்றேன்.

ஊறுகாய் அனுப்பும்போது, ஞாபகமிருக்கிற ஒரு பாட்டையும் பென்சிலில் எழுதி வையுங்கள். மூச்செடுக்கும் இடங்களோடு.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வருகிறது. மிச்சப் புத்தகங்களைக் காப்பாற்ற மாதாமாதம் கரையான் மருந்து அடிக்கிறீர்களாம், அம்மா சொன்னாள். இனி அடிக்காதீர்கள். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது உங்கள் நோட்டுகளை ராபர்ட்சன்பேட்டை பழைய பேப்பர் கடையில் போட்டவள் நான். நம் வீட்டுக்குக் கரையான் வந்ததே இல்லை, அப்பா.

தாரா