எப்போது விட்டாய்?

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். ஊரார் மூக்குக் கண்ணாடியெல்லாம் சரிசெய்து கொடுக்கும் மனிதர், இன்று காலையும் தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினார். நீ எப்படி இருக்கிறாய்? அறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை வீட்டுக்காரர் சரிசெய்தாரா? வேளைக்குச் சாப்பிடு. ஆபீசிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று நீ சொல்லும் குரலிலேயே சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் இந்தப் பேச்சை எடுத்தாலே, "அம்மா, வேற ஏதாவது பேசு" என்கிறாய். மீறிப் பேசினால் உன் போனில் உடனே சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கிழித்துப் போடலாம்தான். ஆனால் நீ என் மகள், கடைசி வரி வரை படிக்காமல் கிழிக்க உனக்கு மனசு வராது.

சரி, எங்கேயாவது உட்கார்ந்துகொள். நேற்று நான் மருந்துக்கடைக்காரம்மாவைத் தூக்கிப் போட்டேன்.

சண்டை எதுவும் இல்லை. முறைப்படி, மெத்தையின் மேல், மாஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது போட்டேன். ஆமாம், உன் மாஸ்டர்தான். டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் உன் ஜூடோ கூடம்தான். மாலையில் நடக்கப் போகிறேன் என்று இத்தனை மாதமாக உன்னிடம் சொன்னேனே, அங்கேதான் நடந்து போனேன். உன் அப்பா இதை உளறாமல் இருந்ததைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. அவர் வாயில் ஒரு விஷயம் ஒரு பொழுது தங்கினாலே பெரிய காரியம்.

இந்த வயதில் அம்மாவுக்கு இது தேவையா என்று நீ கேட்பது காதில் விழுகிறது. முதல் நாள் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன். விழக் கற்றுக்கொடுப்பதற்கே ஒரு மாதம் போயிற்று. வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்து பழகினேன். கட்டில் கால் ஒன்று போயிற்று. கொஞ்ச நாள் தலை உயரமாகவும் கால் பள்ளமாகவும் படுத்துத் தூங்கிய உன் அப்பா, "ஜூடோ கத்துக்கிறது நீ, அடி வாங்குறது நானா" என்று கேட்டார்.

மருந்துக்கடைக்காரம்மாவுக்கு என் வயசுதான். என்னைவிடக் கனம். பிடித்தால் உடும்புப் பிடி. ஆரம்பத்தில் அவர் கையைப் பார்த்துக்கொண்டே நின்று விழுந்தேன். பிறகு தோளைப் பார்த்து விழுந்தேன். கண்ணைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்துக்கொண்டே விழுந்தேன். ஒரு நாள் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டு போகும்போதுதான் மண்டையில் உறைத்தது. சாலையில் எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று நான் அவன் முகத்தையா பார்க்கிறேன்? இண்டிகேட்டரையும் நம்புவதில்லை. இடது பக்கம் காட்டிவிட்டு வலது பக்கம் திரும்புகிறவர்களோடுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். நான் பார்ப்பது முன்சக்கரத்தை. சக்கரம் பொய் சொல்லாது.

நேற்று அந்தம்மாவின் பாதத்தை மட்டும் பார்த்தேன். கை என்னைப் பின்னால் தள்ளியது, ஆனால் பாதம் முன்னே வரத் திரும்பியிருந்தது. இத்தனை நாளும் பிரேக் போட்ட இடத்தில் நேற்று நான் பிரேக் போடவில்லை. அவர் வந்த திசையிலேயே இழுத்து, இடுப்பைக் கொடுத்துத் திரும்பினேன். அப்புறம் என்ன நடந்தது என்று கேட்காதே. அவர் மெத்தையில் கிடந்தார், நான் நின்றுகொண்டிருந்தேன். படுத்தபடியே அவர், "என்னங்க, இது எப்பலேர்ந்து?" என்று கேட்டார். எனக்கு ஒரு குழந்தையைப் போல் குதிக்க வேண்டும் போல் இருந்தது. குதிக்கவும் செய்தேன்.

அப்போது சுவரோரம் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தவள் கை தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். குருவி.

கடிதத்தை மூடாதே. இன்னும் இருக்கிறது. பள்ளி விடும் நேரமாகிவிட்டது, பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஏன் அங்கே சேர்ந்தேன் என்று இப்போது சொல்கிறேன். உனக்கும் குருவிக்கும் அணியில் ஒரே இடத்துக்காகத் தேர்வுப் போட்டி நடந்த அன்று நானும் அந்தச் சுவரோரம்தான் உட்கார்ந்திருந்தேன். நீ அவள் கையை நீட்டிப் பூட்டுப் போட்டதைப் பார்த்தேன். அவள் அலறியதையும் கேட்டேன். பூட்டில் மாட்டியவர் தோற்றேன் என்று தட்டியதும் பிடித்தவர் விட்டுவிட வேண்டும், அதுதானே அங்கே சட்டம். முழங்கை மூட்டு விலகி அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மாஸ்டர் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், "எப்ப விட்ட?" என்று. நீ "தெரியல" என்றாய். இடுப்பில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு இறங்கிவிட்டாய். பிறகு வேலை கிடைத்தது என்றாய், தூரம் என்றாய், லீவு இல்லை என்றாய். உன் சாதனைக் கோப்பைகளை நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் தாங்க முடியவில்லை. இவள் வாயைத் திறக்கமாட்டாள், அந்த மெத்தையில் அந்த நொடியில் மனுஷிக்கு என்னதான் நடக்கிறது என்று நானே போய்ப் பார்த்துவிடுகிறேன் என்று படி ஏறினேன்.

பார்த்தும்விட்டேன். அதுவும் மெத்தையில் இல்லை, பள்ளி வாசலில்.

முந்தாநாள் ஒரு ஆள் தன் காரை என் வேனுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போனான். திரும்பி வந்ததும், எடுங்க என்று சொன்ன என் மேலேயே பாய்ந்தான். மாஸ்டர் சொல்வாரே, முதலில் வாய், அப்புறம் கால், கடைசியாகத்தான் கை என்று. நான் அதே வரிசையில்தான் போனேன். "தம்பி, நான் நகர்ந்து நிக்கிறேன், நீங்க போங்க" என்று சொன்னேன். சட்டைக் காலரைப் பிடித்தான். காலை நம்பி ஓடலாம் என்றால் வேன் நிறையப் பிள்ளைகள். அவர்களை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? கைதான் மிச்சம். என் கை என்னைக் கேட்காமலேயே வேலை செய்தது. அவன் பிடி கழன்றது, அவன் கை என் அக்குளில் மாட்டியது, அவன் கன்னம் வேன் கதவில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"விடுங்கக்கா" என்றான்.

உண்மையைச் சொல்கிறேன். விட மனசில்லை. இன்னும் ஒரு துளி அழுத்திப் பார்க்கலாம் என்று உள்ளே ஒன்று சொன்னது. நன்றாகவும் இருந்தது. அந்த ஆசை அத்தனை பெரிதாக எனக்குள் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் கை விட்டுவிட்டது. பின்னால் நகர்ந்து, வேனில் ஏறி, கதவைச் சாத்தினேன். பிள்ளைகள் இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கத்தினார்கள். தலைமை ஆசிரியையிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீ எதைத் தூக்கிக்கொண்டு ஊர் விட்டுப் போனாய் என்று அப்போதுதான் புரிந்தது. ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய், அவள் கை போயிற்று, ஆக அந்த ஆசைதான் கையை ஒடித்தது என்று முடிவு கட்டிவிட்டாய். இல்லையா?

நேற்று வகுப்பு முடிந்ததும் நான் கூடத்தின் நடுவில் உட்கார்ந்தேன். அந்தப் பழக்கம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன், எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. கற்றதை வெளியே யார் மேலாவது காட்டியவர்கள், எல்லார் முன்னாலும் உட்கார்ந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். யார் மேல் தப்பு, எதற்கு அடித்தாய் என்றெல்லாம் அங்கே யாரும் விசாரிப்பதில்லை. கேட்பது அந்த ஒரு கேள்விதான். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், அந்த ஆசையையும் சேர்த்து. மாஸ்டர், "எப்ப விட்டீங்க?" என்று கேட்டார். அவன் விடச் சொன்னதும் விட்டேன் என்றேன். "அப்ப சரி. ஆசை எல்லாருக்கும் வரும். எனக்கும் வரும். விட்டீங்களா இல்லையா, அதுதான் பேச்சு" என்றார்.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். குருவி மட்டும் வந்து நடுவில், என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் கூடத்துக்குத் திரும்பியே கொஞ்ச நாள்தான் ஆகிறது. மணி பார்ப்பாள், புதிதாக வந்தவர்களுக்கு விழச் சொல்லித் தருவாள், ஆட மட்டும் இறங்கமாட்டாள். எனக்கும் அவளுக்கும் பேச்சு இருந்தது, உன் பேச்சு இருந்ததில்லை. நான் அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று இருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்திருக்கிறாள். நேற்று அவள் மாஸ்டரைப் பார்த்து, "அன்னிக்கு அவகிட்ட எப்ப விட்டன்னு கேட்டீங்க. நீ எப்ப தட்டினன்னு என்னை யாருமே கேக்கல" என்றாள்.

மாஸ்டர் கேட்டார், "எப்ப தட்டின?"

"தட்டல, மாஸ்டர்."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நிதானமாகப் படி. அவள் ஒரு புள்ளி முன்னால் இருந்தாளாம். கடிகாரத்தில் நேரம் முடியப் போகிறது. பூட்டு விழுந்துவிட்டது, தட்டிவிட வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் மணி அடிக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிட்டால் இடம் அவளுக்கு. அதனால் தட்டவில்லை. முதலில் கை போயிற்று. அதற்குப் பிறகுதான், வலியில், இடது கையால் உன் காலில் தட்டினாள். தட்டிய அந்த நொடியே நீ விட்டுவிட்டாய். உன் மனசில் அந்த இரண்டும் இடம் மாறி, அவள் தட்டியும் நீ விடாததால் கை போனதாகக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நீ அவள் போனை எடுத்தால்தானே தெரியும்? தட்ட வேண்டிய நேரத்தில் தட்டாதது அந்தக் கூடத்தில் பெரிய தப்பு, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன், வந்து பார்த்தால் அவள் ஊரிலேயே இல்லை என்று அழுதாள். மருந்துக்கடைக்காரம்மாவும் அழுதார். நான் அழவில்லை. எனக்கு அப்போதே கீழே ஓடிப்போய் உனக்குப் போன் செய்ய வேண்டும் போல் பரபரத்தது. செய்தால் சார்ஜ் தீர்ந்துவிடும் என்றுதான் விட்டேன்.

படித்தாயா? இன்னொரு தடவை படி. நீ விட்டாய். அவள் தட்டியதும் விட்டாய்.

குருவி இன்னொன்றும் கேட்டாள். கை முழுக்கக் குணமாகிவிட்டது, டாக்டரும் இறங்கலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் யார் அவள் கையைத் தொட்டாலும், பூட்டு விழும் முன்பே பயந்து தட்டிவிடுகிறாளாம். இப்படித் தட்டினால் ஒரு ஆட்டமும் ஆட முடியாது. "அதே பூட்டை அவதான் போடணும், ஆன்ட்டி. நான் சரியான நேரத்துல தட்டணும், அவ விடணும். வேற யார் போட்டாலும் எனக்கு இது தீராது" என்றாள். வெறுமனே பரிதாபத்துக்குச் சொல்லவில்லை. உன் பிடிதான் வேண்டும் என்கிறாள். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் அவளுக்கு நான் ஒரு பதிலும் சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். என் முகம் என்ன சொன்னதோ தெரியாது.

உன் வெள்ளைச் சீருடையை எடுத்துத் துவைத்துப் போட்டிருக்கிறேன். கழுத்துப் பட்டையில் பிரிந்திருந்த தையலை உன் அப்பா போட்டார், கண்ணாடி கிடைத்த பிறகு. இடுப்புப் பட்டையை நான் தொடவில்லை. நீ மடித்து வைத்த மடிப்பிலேயே மாஸ்டர் தன் அலமாரியில் வைத்திருக்கிறார்.

எடுத்த எடுப்பில் குருவி முன்னால் நிற்க உனக்குக் கை வராது, அது எனக்குத் தெரியும். அதனால் ஒன்று செய்வோம். முதலில் நான் வந்து நிற்கிறேன். மருந்துக்கடைக்காரம்மாவையே போட்டவள், என்னைச் சாதாரணமாக நினைக்காதே. நீ என் கையைப் பிடி, அந்தப் பூட்டையே போடு. நான் கூடமே அதிரத் தட்டுகிறேன். நீ விடுவாய். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை, அதனால்தான் என் கையையே கொடுக்கிறேன்.

சனிக்கிழமை பஸ் நிற்கும் இடத்தில் வேனோடு நிற்பேன். நீ வராவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் நிற்பேன். உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணே. உன் கை நல்ல கை.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா