பனிக்கோட்டையைக் கீறினவன்

கீரிமலை
06.07.2025

அன்புள்ள ஜஸ்ரினுக்கும், அவனுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்து வாசித்துக்கொண்டிருக்கும் அருட்பிரகாசம் பாதருக்கும்,

யதுசன் எழுதுகிறேன். நான் நலம். நீங்கள் இரண்டு பேரும் எப்படி? பாதர், இதில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை, தேடிக் களைக்காதீர்கள்.

டேய், உன்னோடு கதைக்க முத்திரை ஒட்டவேண்டிய காலம் வந்துவிட்டதே! தபால்கந்தோர் அக்கா, "ஆருக்குத் தம்பி, வெளிநாட்டுக்கோ?" என்று கேட்டார். "இல்லை அக்கா, ரவுணுக்குத்தான். சிநேகிதன் உள்ளுக்கை இருக்கிறான். போன் குடுக்கமாட்டினம். மாசத்திலை ஒரு ஞாயிறுதான் பாக்க விடுவினம்" என்றேன். அவர் முகம் அப்படியே வாடிப்போனது. "கடவுள் பாத்துக்கொள்ளுவார்" என்று வெறும் உறையில் தானே முத்திரையை ஒட்டித் தந்தார். நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் சிறைச்சாலை என்று நினைத்தால் நான் என்ன செய்வது?

சங்கதிக்கு வருகிறேன். நீ குருமடத்துக்குப் போகும்போது என் கையில் தந்துவிட்டுப் போனாயே ரிவி கேம் பெட்டி, அதில் தொப்பி நரியை முதலிலிருந்து விளையாடிப் பார்த்தேன். சின்னனில் நாங்கள் பக்தர்களாக விளையாடினோம். இந்த முறை நான் நீதவானாக அமர்ந்தேன். தீர்ப்பைக் கேள்.

முதல் மூன்று உலகமும் தங்கம். காட்டில் வரும் முதல் நத்தை எவ்வளவு மெதுவாக வருகிறது தெரியுமா? பாயப் பழகட்டும் என்று பொறுமையாக வருகிறது. முதல் கிடங்கில் விழுந்தால் நரி சாகாது, கீழே புல் இருக்கும். அடுத்த கிடங்கில்தான் சாவு. ஒருவரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லித் தருகிறார்கள். எங்கள் கணக்கு வாத்தியார் அந்த நத்தையிடம் ரியூசனுக்குப் போகலாம்.

நாலாவது, பனிக்கோட்டை. அது குப்பை. ஓம், குப்பைதான். நிலம் வழுக்குகிறது, சரி. ஆனால் பாய்ந்து முடிந்த பிறகுதான் திரை நகர்ந்து, கால் வைக்க இடமில்லை என்று காட்டுகிறது. நடு வானில் நிற்கும்போது முதுகுப் பக்கத்தால் ஒரு பறவை வந்து இடிக்கிறது. செத்தால் பழையபடி வாசலில் இருந்து. காட்டைப் படமாகக் கீறினவனும் இதைக் கீறினவனும் ஒரே ஆளாக இருக்கவே முடியாது.

நீ எப்போதும், "செத்தால் பிழை எங்களிலைதான்ரா" என்பாய். நான் இப்போதும் சொல்கிறேன், பிழை கீறினவனில். பாதையை ஒருத்தன் பிழையாகக் கீறிவைத்தால் அதில் நாங்கள் ஏன் பாய்ந்து பாய்ந்து சாகவேண்டும்?

உன் பாதையையும் யார் கீறியது என்று எனக்குத் தெரியும். நீ பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது உன் அம்மா மலர் அன்ரி, "பிள்ளை தப்பினால் உமக்கே தாறன் ஆண்டவரே" என்று நேர்ந்துவிட்டார். தேவ அழைத்தல், தேவ அழைத்தல் என்கிறார்களே, அது உனக்கு வந்த அழைப்பா? அல்லது அன்ரியின் போனுக்கு வந்த கோலை நீ எடுத்துவிட்டாயா?

நீ மடத்தில் இருக்கிறாய். மடத்தனம் மட்டும் என்னோடு இருக்கிறது. அதைக் கொண்டுபோக வா.

இப்படிக்கு
அதே யதுசன்

*

யாழ்ப்பாணம்
20.07.2025

இயேசுவில் அன்புள்ள யதுசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாதர் அதைக் கையில் தரும்போது, "உம்மடை சிநேகிதனிலை ஒரு கண் வையும்" என்று மட்டும் சொன்னார். சிரித்தாரா என்று தெரியவில்லை. அவருக்கு மீசை பெரிது.

நான் நலமாக இருக்கிறேன். விடிய எழும்பிப் பூசை, பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் தோட்டவேலை, கரப்பந்து. சில நாள் கண் திறக்கும்போது எங்கள் சேந்தாங்குளத்துக் கரையில் வள்ளம் இழுக்கும் சத்தம் கேட்பது போல இருக்கும். பிறகுதான் தெரியும், அது பக்கத்துக் கட்டில் கனிசியஸின் குறட்டை.

பனிக்கோட்டையைப் பற்றி நீ எழுதியது அநியாயம். அதன் பாட்டை மறந்துவிட்டாயா? அந்த விளையாட்டிலேயே நல்ல பாட்டு அதற்குத்தான். பறவை எப்போது வரும் என்று மனப்பாடம் செய்தால் தாண்டலாம். நீ பொறுமை இல்லாமல் கொன்ரோலை எறிவாய், பிறகு கீறினவனை ஏசுவாய்.

அம்மாவின் நேர்த்தியைப் பற்றி நான் யோசிப்பதில்லை. "கடவுளிட்டைக் குடுத்ததைத் திருப்பி வாங்கேலாது" என்று அம்மா சொல்லுவா. அவ்வளவுதான். நீயும் யோசிக்காதே. படி.

ஜஸ்ரின்

*

கீரிமலை
03.08.2025

அன்புள்ள ஜஸ்ரின் (வணக்கம் பாதர்),

"திருப்பி வாங்கேலாது" என்று யார் சொன்னது? என்னைத் திருப்பி வாங்கினார்களே!

உனக்கு இந்தக் கதை தெரியாது. நான் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை. அப்படிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாதாம். அதனால் என்னைக் கோயிலுக்கு விற்றார்கள். ஐயர் கையில் பிள்ளையைக் கொடுத்து, "இனி இது சாமியின்ரை பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்களாம். பிறகு இளையதம்பி மாமா போய், தேங்காயும் நெல்லும் கொடுத்து என்னை மீட்டுக்கொண்டு வந்தார். சாமிக்குக் கோபமும் இல்லை, மாமாவுக்குக் காய்ச்சலும் இல்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படி விற்று வாங்கின பிள்ளைகள்தான்.

மாமாவிடம் கேட்டேன். "வேதக்காரரிட்டையும் உப்பிடி மீக்கலாமோ மாமா?" மாமா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிராமலே, "கடவுள் கடவுள்தானேடா. தேங்காய் வேண்டாம் எண்டு ஆர் சொல்லப்போகினம்?" என்றார்.

ஆகவே வருகிற ஞாயிறு வாறன். தாய்மாமன் இல்லாவிட்டால் என்ன, சிநேகிதன் மீட்டால் செல்லாதா? பாதர், வாசித்துவிட்டுக் கேற்றை மட்டும் திறந்து வையுங்கோ. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நரிச் செய்தி: பறவையை மனப்பாடம் செய்து தாண்டினேன். நீ சொன்னது சரி. ஆனால் அதற்கு அடுத்த பாய்ச்சலில் கண்ணுக்கே தெரியாத கிடங்கு. இதையும் மனப்பாடம் செய்யவேண்டுமாம். செத்துச் செத்து மனப்பாடம் செய்வதற்குப் பேர் விளையாட்டா? அதைத்தான் நாங்கள் ஓ.எல். சோதினைக்குச் செய்து முடித்தோமே.

சாமானைக் கட்டி வை.

உன்னை மீட்கப் போகும்
யதுசன்

*

யாழ்ப்பாணம்
18.08.2025

யதுசன்,

நலம் விசாரிக்க எனக்கு மனம் இல்லை.

நீ பகிடிக்கு எழுதுகிறாய் என்று நினைத்தேன். பாதரும் அப்படித்தான் நினைத்தார். நீ உண்மையாகவே பஸ்ஸில் ஒரு சாக்குத் தேங்காயைக் கொண்டுவந்து, பார்வையாளர் மண்டபத்தின் நடுவில் கொட்டினாய். எல்லோருடைய அம்மா அப்பாவும் இருக்க, "பாதர், ஜஸ்ரினை மீட்க வந்தனான், இது காணுமோ, இன்னும் வேணுமோ?" என்று கேட்டாய். ஒரு தேங்காய் உருண்டுபோய் கனிசியஸின் அம்மம்மாவின் காலில் இடித்தது. இப்போது இங்கே என் பேர் ஜஸ்ரின் இல்லை. "தேங்காய்." சாப்பாட்டுக்குத் தேங்காய்ச் சம்பல் வரும்போதெல்லாம், "உன்ரை மீட்பு வருது" என்கிறார்கள்.

பாதர் உனக்குத் தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டார். பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு இருக்கச் சொன்னார். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை. "உம்மைக் கூட்டிக்கொண்டுபோக ஒரு ஆள் வந்தது. விசர்ப்பெடியன்தான், ஆனால் வந்தது வந்ததுதான். உமக்கு விருப்பமெண்டால் நீர் இப்பவே போகலாம். அம்மாவோடை நான் கதைக்கிறன். போறீரா?" என்று கேட்டார்.

யதுசன், பிறந்த நாளிலிருந்து ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இல்லை பாதர்" என்று வந்தது. எனக்கே ஆச்சரியம். "ஏன்?" என்று கேட்டார். போன மாதம் அவரோடு ஒரு செத்தவீட்டுக்குப் போனதைச் சொன்னேன். செத்தவரின் மகன், என் அப்பாவின் வயது இருக்கும், வேலியோரம் தனியே நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எங்கே நிற்கவேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது. கரையிலும் பள்ளிக்கூடத்திலும் எனக்கு அது ஒருநாளும் தெரிந்ததில்லை.

அதனால் இருக்கப்போகிறேன். அம்மா நேர்ந்ததற்காக இல்லை. நான் சொன்னதற்காக.

ஆனால் உன்னில் எனக்குக் கோபம் போகவில்லை. அம்மா என்னைக் கொடுத்தா. நீ என்னை வாங்க வந்தாய். இரண்டு பேரும் என்னைக் கேட்கவில்லை. நான் என்ன ஆட்டுக்குட்டியா?

பனிக்கோட்டை பிழையாகக் கீறப்பட்டதுதான். சரி, நீ வென்றாய். ஆனால் பிழையாகக் கீறின இடத்திலும் ஒருவன் தன் விருப்பத்துக்குப் பாயலாம்.

அம்மா ஊர் முழுக்கத் தன் நேர்த்தி பலித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிகிறாவாம். இல்லை என்று அவவுக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அது வேறு கவலை.

இனிக் கொஞ்சக் காலம் எனக்கு எழுதாதே.

ஜஸ்ரின்

*

கீரிமலை
14.09.2025

அன்புள்ள ஜஸ்ரின்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நீ உன் விருப்பத்துக்கு இருக்கலாம் என்றால் நான் என் விருப்பத்துக்கு எழுதலாம். பாதர், நீங்களே நடுவராக இருங்கள். இன்னொரு வழக்கும் இருக்கிறது: தேங்காயை எடுத்தால் ஆளைத் தரவேண்டும், ஆளைத் தராவிட்டால் தேங்காயைத் தரவேண்டும். நீங்கள் இரண்டையும் வைத்திருக்கிறீர்கள். எங்கள் சாமி இப்படிச் செய்யவில்லை.

மன்னிப்புக் கேட்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தால் வேறு வேலையைப் பார். நான் அந்தச் சாக்கைக் கொண்டுவராவிட்டால் உன்னிடம் யார் கேட்டிருப்பார்கள்?

ஆனால் உன்னிடம் நான் கேட்டிருக்கலாம், ஓம். கேட்டால் நீ இல்லை என்று சொல்லிவிடுவாய் என்று பயந்துதான் தேங்காயோடு வந்தேன். இதை இதற்கு மேல் விளக்கமாட்டேன்.

மலர் அன்ரியை மீன் சந்தையில் கண்டேன். நாலு பெண்களை நிற்பாட்டி வைத்து, "நான் நேந்தது வீண்போகேல்லை, ஆண்டவர் எடுத்துக்கொண்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேசாமல் போகத்தான் நினைத்தேன். என்னைத் தெரியும்தானே உனக்கு.

"அன்ரி, உங்கடை நேத்தியிலை அவன் அங்கை இல்லை. பாதர் அவனைப் 'போறீரா' எண்டு கேட்டவர். கேற்றும் திறந்துதான் கிடந்தது. அவன்தான் போகமாட்டன் எண்டவன்" என்றேன்.

"உனக்கென்னடா தெரியும் சைவப்பெடியன்!" என்று கையிலிருந்த சூடைமீன் பையாலேயே ஓங்கினார். நான் நகரவில்லை. "நீங்கள் குடுத்த பிள்ளை வேறை அன்ரி. இவன் தானாப் போனவன்" என்றேன். அவர் கை அப்படியே நின்றது. சந்தையே பார்த்துக்கொண்டு நின்றது. "அவன் உன்னட்டை அப்பிடிச் சொன்னவனே?" என்று மெல்லக் கேட்டார். "எழுதினவன்" என்றேன். மீன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மூன்று நாளாக எங்கள் ஒழுங்கையால் வரவில்லை. நேற்று வந்தார். வாசல் படலையில் நின்றுகொண்டு, "அப்ப, அவனுக்கு அங்கை நல்லாப் பிடிச்சிருக்காமே?" என்று கேட்டார். நேர்த்தியைப் பற்றி ஒரு சொல் இல்லை. உன்னைப் பற்றிக் கேட்டார். "ஓம் அன்ரி" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்கு எழுதமாட்டேன்.

இனி நரி.

இந்த விளையாட்டில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கீறினவனுக்கு மூளை இருந்ததா இல்லையா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. நீ போன பிறகும் ஒவ்வொரு நாளும் நான் தொடக்கத்தில் 'இரண்டு பேர்' என்றுதான் அழுத்தினேன். பழக்கம். என் சிவப்பு நரி செத்தவுடன் உன் நீல நரி வந்து நிற்கும். அதன் கொன்ரோலை நான் தொடமாட்டேன். அது காட்டு வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். அந்த மெதுவான நத்தைகூட வந்து கொல்லும். பிறகும் எழும்பி வந்து நிற்கும். அதன் உயிரெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு ஆட்டம் திரும்பிவரும். அவ்வளவு நேரமும் நான் பார்த்துக்கொண்டு இருப்பேன். அம்மா ஒருநாள் கேட்டா, "என்னடா, விளையாடாமல் ரிவியைப் பாத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று. "ஜஸ்ரின்ரை முறை அம்மா" என்றேன். அவ விசர் என்று சொல்லிவிட்டுப் போனா.

உன் கடிதம் வந்த பிறகு 'ஒரு ஆள்' என்று அழுத்தினேன். ஆட்டம் வேகமாகப் போகிறது. நல்லாக இல்லை.

பனிக்கோட்டையில் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறேன். பிழை இன்னும் கீறினவனில்தான், நீ ஒத்துக்கொண்டதை எழுத்தில் வைத்திருக்கிறேன். ஆனாலும் விடமாட்டேன். ஒருவரும் என்னை நேர்ந்து விடவில்லை, நானாகத்தான் பாய்கிறேன்.

இயேசு பிறந்த நத்தார் விடுமுறைக்கு உன்னை வீட்டுக்கு விடுவார்களாமே. இதற்குப் பதில் போடாவிட்டாலும் அன்றைக்கு வா. ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன்: வந்தால் நீ இரண்டாவது ஆள். என் நரி சாகும்வரைக்கும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்கவேண்டும். நீ பாதரானாலும் இரண்டாவது ஆள்தான். ஆயரானாலும் இரண்டாவது ஆள்தான்.

உன்
யதுசன்